அவுட்பேக்கில் வண்டி சிக்கினால் நடப்பதா, காத்திருப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஆஸ்திரேலியாவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது கடற்கரையை விட்டு அவுட்பேக் எனப்படும் வறண்ட உள்நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புகின்றன. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், உலுரு, கட்டி தண்டா ஏரி (ஐர் ஏரி), இன்னும் துணிந்தவர்கள் சிம்சன் பாலைவனம் வரை போகிறார்கள். ஊர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் நிலம் அது. புறப்படுவதற்கு முன் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் முதல் கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வண்டி மணலில் இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. உதவி தேடி நடந்து போகலாமா?

வேண்டாம். வண்டியோடு இருங்கள்.

தேடுபவர்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து தேடுகிறார்கள். ஒரு காரையோ, பின்புறம் திறந்த யூட் என்ற சிறு சரக்கு வண்டியையோ மேலிருந்து கண்டுபிடிப்பதே எளிதல்ல. புதர்களுக்கு நடுவே நடக்கும் ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பல மடங்கு கடினம். நிழல், கண்ணாடி, ஹார்ன், விளக்கு, பேட்டரி, எரிபொருள், புகை எழுப்ப டயர், இருக்கிற தண்ணீர் எல்லாமே வண்டியில்தான் இருக்கின்றன. நடக்கத் தொடங்கும்போது இவை அத்தனையையும் விட்டுவிட்டு, கையில் தூக்க முடிந்த தண்ணீரோடு போகிறீர்கள்.

கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் நடக்கும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கும். ஆறு லிட்டர் தண்ணீரைச் சுமந்தாலும் அது ஐந்தாறு மணி நேர நடைக்குத்தான் காணும், அதுவும் மணலில். அதற்குள் எத்தனை கிலோமீட்டர் போய்விட முடியும்?

1998 டிசம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடியின் வண்டி தெற்கு ஆஸ்திரேலியாவில் கட்டி தண்டா ஏரியின் ஹாலிகன் விரிகுடா அருகே மணலில் சிக்கியது. அந்த இடத்திலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. சில நாள் காத்திருந்த பிறகு இருவரும் வில்லியம் கிரீக் என்ற சிற்றூரை நோக்கி நடந்தார்கள். ஆண் முடியாமல் வண்டிக்கே திரும்பிவிட்டார், பிழைத்தார். அந்தப் பெண் தொடர்ந்து நடந்தார். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அவருடைய உடல்தான் கிடைத்தது.

பக்கத்துப் பண்ணை வீடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே? சென்னையில் நாங்கள் தினமும் காலையில் நடப்பவர்கள்.

இந்த எண்ணம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. 2012 நவம்பரில் குவீன்ஸ்லாந்தின் மேற்கில், எதபுகா என்ற இயற்கைப் பாதுகாப்புப் பகுதியில் வேலை செய்த இரண்டு இளைஞர்களின் வண்டி சிக்கிக்கொண்டது. தங்கியிருந்த வீடு சுமார் 16 கிலோமீட்டர்தான். வழியும் தெரியும், வயதும் சிறியது, அந்த இடத்தில் வேலையும் செய்கிறவர்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒருவர் வழியிலேயே இறந்துபோனார்.

மெரினாவில் நடக்கும்போது களைத்தால் உட்கார நிழல் உண்டு, இரண்டு அடிக்கு ஒரு கடை உண்டு. இங்கே தரையே சுடும். கோடைப் பகலில் மண்ணின் மேற்பரப்பு காற்றைவிட இருபது, முப்பது டிகிரி கூடுதலாகக் காயும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடட்டா என்ற ஊரில் 1960 ஜனவரி 2 அன்று நிழலில் பதிவானதே 50.7 டிகிரி.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடக்கிறார்கள்?

அறியாமையால் நடப்பவர்கள் குறைவு என்பது என் கருத்து. பொறுப்புணர்ச்சிதான் பெரும்பாலானவர்களை நடக்க வைக்கிறது. வண்டிக்குள் குழந்தைகள் அழுகிறார்கள், தண்ணீர் குறைகிறது, குடும்பத் தலைவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது குற்றமாகத் தோன்றுகிறது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனசு அரிக்கிறது.

அமெரிக்காவில் 2006 நவம்பர் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். தொழில்நுட்பப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் கிம், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு ஒரேகான் மாநிலத்தில் திருப்பம் ஒன்றைத் தவறவிட்டு மலைப்பாதைக்குள் போய்ப் பனியில் சிக்கினார். ஒரு வாரம் குடும்பத்தோடு வண்டியிலேயே இருந்தார். எரிபொருள் தீர்ந்த பிறகு டயர்களை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். டிசம்பர் 2 அன்று அவர் உதவி தேடிக் கிளம்பினார். டிசம்பர் 4 அன்று, அதாவது இரண்டே நாளில், மனைவியும் குழந்தைகளும் வண்டி இருந்த இடத்திலேயே உயிரோடு மீட்கப்பட்டார்கள். டிசம்பர் 6 அன்று அவருடைய உடல் ஓர் ஓடைப் பள்ளத்தில் கிடைத்தது.

2011 மார்ச்சில் நெவாடாவில் ஒரு கனடா தம்பதிக்கும் இதே கதி. கணவர் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து போனார். மனைவி வேனிலேயே இருந்தார். கொஞ்சம் மிட்டாயும் கொட்டை வகைகளும் பனி உருகிய நீருமாக 49 நாள் தாங்கினார், வேட்டைக்கு வந்தவர்கள் கண்டெடுத்தார்கள். கணவரின் எச்சங்கள் அடுத்த ஆண்டுதான் கிடைத்தன.

இவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்பினால்தான் நடந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: இந்த முடிவை மணலில் உட்கார்ந்துகொண்டு எடுக்காதீர்கள். வீட்டிலேயே, புறப்படுவதற்கு முன்னால், மனைவியும் கணவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். "எது நடந்தாலும் வண்டியை விட்டு யாரும் போகக் கூடாது" என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட குடும்பத்தில், மூன்றாம் நாள் ஒருவர் கிளம்பினாலும் இன்னொருவர் தடுத்து நிறுத்த முடியும்.

நடந்துபோய்ப் பிழைத்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 2025 ஜூன் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் காணாமல் போன ஜெர்மன் இளம்பெண் ஒருவர் சிக்கிய வேனை விட்டு நடந்து, பன்னிரண்டு நாள் கழித்து, 24 கிலோமீட்டர் தள்ளி ஒரு மண் சாலையில் உயிரோடு கிடைத்தார். அந்த வழியாக வந்த ஒரு விவசாயி பார்த்ததால் பிழைத்தார். மழைநீரும் குட்டை நீரும் குடித்திருக்கிறார். அது குளிர்காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஜனவரியாக இருந்தால் பன்னிரண்டு நாளுக்குப் பேச்சே இல்லை. தேடுபவர்கள் அவருக்கு முன்பே வேனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

2019 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஹியூ ஆற்றின் மணல் படுகையில் மூன்று நண்பர்களின் வண்டி புதைந்தது. சில நாள் வண்டியருகே இருந்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு நீர்நிலைக்கு நகர்ந்தார்கள். அப்புறம் இருவர் உதவி தேடி நடந்தார்கள். நீரருகே தங்கிய பெண் முதலில் கிடைத்தார். நடந்தவர்களில் ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை.

அப்படியானால் எந்த நிலையிலும் நடக்கக் கூடாதா?

ஒரே ஒரு நிலையில் நான் ஒத்துக்கொள்வேன். போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது வரும்போதே கடந்து வந்ததால் சில கிலோமீட்டர்தான் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். வானிலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும். "மேப்பில் ஒரு வீடு போட்டிருக்கிறது" என்பது உறுதி ஆகாது. பண்ணை வரைபடங்களில் உள்ள பல வீடுகள் ஆளில்லாமல் கிடப்பவை.

அப்படிப் போனாலும் பாதையை விட்டுக் குறுக்கே இறங்காதீர்கள். யார் போகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு தண்ணீரோடு என்று எழுதி வண்டியில் தெரியும்படி வையுங்கள். போகும் திசையைத் தரையில் கல்லால் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும்.

சரி, சிக்கியவுடன் முதலில் என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுழலச் சுழல வண்டி கீழேதான் இறங்கும். அடிப்பகுதி மணலில் உட்கார்ந்துவிட்டால் வேலை பத்து மடங்கு ஆகிவிடும்.

பிறகு இறங்கி டயரின் காற்றைக் குறையுங்கள். நிறைய பேர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள், முதலில் செய்ய வேண்டியது இதுதான். தார்ச்சாலையில் 35, 40 பி.எஸ்.ஐ. வைத்திருப்பீர்கள். மணலுக்கு 16 முதல் 18 வரை போதும். நன்றாகப் புதைந்திருந்தால் 12, 13 வரைகூட இறக்கலாம். அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் படிந்து, மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறி உருளும்.

அடுத்து மண்வெட்டி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும், வண்டியின் அடியிலும் மணலை வாரி எடுங்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் பெரும்பாலும் எளிது, ஏனென்றால் அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் இருந்தால் சக்கரத்துக்கு அடியில் நன்றாகச் செருகி, மிக மெதுவாக நகர்த்துங்கள். பலகை இல்லையென்றால் கால்மிதியும் மரக்கிளையும்கூட ஓரளவு உதவும். சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பலகை பறந்து வரும்.

இந்த வேலை அத்தனையையும் விடியற்காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். மதிய வெயிலில் மண்வெட்டி பிடித்து மயங்கி விழுந்தால், சிக்கிய வண்டி என்ற சிக்கல் நோயாளி என்ற சிக்கலாக மாறிவிடும். காற்றைக் குறைத்தவர் திரும்ப அடிக்கவும் வழி வைத்திருக்க வேண்டும், ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸர் இல்லாமல் கிளம்பாதீர்கள். குறைந்த காற்றோடு கெட்டிச் சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

மணல் இல்லை, சேறு என்றால்?

பொறுமை. மழைக்குப் பிறகு உள்நாட்டுக் களிமண் டயரில் ஒட்டி ஒட்டிச் சக்கரத்தையே அடைத்துவிடும். பல நேரங்களில் ஓரிரு நாள் வெயில் காய்ந்தாலே தரை இறுகி வழிவிடும். மழை பெய்தால் இந்தச் சாலைகளை அரசே மூடிவிடுகிறது. மூடிய சாலையில் ஓட்டுவது அபராதத்துக்கு உரியது, அதைவிட முக்கியம், அந்தச் சாலையில் வேறு யாரும் வரமாட்டார்கள்.

உப்பு ஏரிகள் வேறு கதை. மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். அந்த மேலோட்டுக்குக் கீழே குழம்புச் சேறு. கட்டி தண்டா ஏரிப் படுகையில் வண்டி ஓட்டவே அனுமதி இல்லை. படம் எடுக்க ஆசைப்பட்டுக்கூட இறக்காதீர்கள்.

இன்னொரு வண்டி வந்தது. கயிறு கட்டி இழுக்கலாமா?

இழுக்கலாம், ஆனால் டிரெய்லர் மாட்டும் உருண்டையான கொண்டியில் ஒருபோதும் கட்டாதீர்கள். இழுவிசையில் அது உடைந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அளவிட்டுத் தயாரித்த மீட்புக் கொக்கிகளில் மட்டும் கட்டுங்கள். பட்டையின் நடுவே கனமான போர்வையைப் போடுங்கள். குழந்தைகள் பட்டை நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர், வெப்பக் காலத்தில் 10. பயண நாட்களுக்கு மேல் இன்னும் சில நாளுக்குச் சேர்த்து வையுங்கள். ஒரே பெரிய கேனில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று உடைந்தால் எல்லாமே போய்விடக் கூடாது.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று தாகத்தோடு உட்கார்ந்திருக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையை. பகலில் அசையாமல் நிழலில் இருங்கள், தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ரேடியேட்டர் நீரைக் குடிக்காதீர்கள், அதில் கலந்திருக்கும் கூலன்ட் விஷம். சிறுநீரும் வேண்டாம், கடல் போல் கரிக்கும் ஏரித் தண்ணீரும் வேண்டாம்.

பகலில் வண்டிக்குள் ஏ.சி. போட்டு உட்காரலாமா?

எரிபொருள் போய்விடும், வண்டியும் சூடாகும். ஏ.சி. இல்லாத மூடிய வண்டி சூளையைவிட மோசம். வண்டியின் பக்கவாட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழல் போடுங்கள். அதன் அடியில் மேல்மணலை ஓரடி வாரி எறிந்தால் கீழே மண் குளுமையாக இருக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, செருப்பு எதையும் கழற்ற வேண்டாம்.

யாராவது உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், தோல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே படுக்கவைத்து, உடம்பை நனைத்து, விசிறுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இரவில் பாலைவனம் நன்றாகவே குளிரும். ஜூலையில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகும். போர்வை இல்லாமல் அவுட்பேக் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

தேடி வருபவர்கள் கண்ணில் எப்படிப் படுவது?

பானட்டைத் தூக்கி வையுங்கள். பளிச்சென்ற துணி எதையாவது வண்டி மேல் விரித்துக் கட்டுங்கள். நம் வீட்டுப் பட்டுப் புடவை நிறங்கள் எல்லாம் அங்கே நன்றாகவே எடுபடும். எஞ்சின் சத்தம் கேட்டால் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வெயிலைத் திருப்பி அடியுங்கள், அந்த மினுக்கல் பல கிலோமீட்டருக்குத் தெரியும். மூன்று தடவை ஹார்ன், மூன்று நெருப்பு என்று எதையும் மூன்று மூன்றாகச் செய்தால் ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள்.

பகலில் கரும்புகைதான் சிறந்தது. உபரி டயரின் காற்றை முழுக்கப் பிடுங்கிவிட்டு, வண்டியிலிருந்து நல்ல தூரத்தில், சுற்றிலும் காய்ந்த புல் இல்லாத இடத்தில் எரியுங்கள். எல்லாவற்றையும் முன்பே அடுக்கித் தயாராக வைத்திருந்து, விமானச் சத்தம் கேட்டவுடன் பற்றவையுங்கள்.

போன் இருக்கிறதே, போதாதா?

போதாது. ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே சிக்னல் போய்விடும். ஆனாலும் அவசர உதவி எண்ணான 000 முயன்று பாருங்கள்; உங்கள் நிறுவனத்துக்கு அங்கே கோபுரம் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அவசர அழைப்பு போகும். எந்தக் கோபுரமுமே எட்டவில்லை என்றால் எந்த எண்ணாலும் பயனில்லை. போனை அணைத்துவிடுவதற்கு முன் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பிப் பாருங்கள். கிம் குடும்பத்தைத் தேட வழிகாட்டியதே அவர்கள் போன் ஒரு கணம் கோபுரத்தைத் தொட்ட தடயம்தான்.

என் பரிந்துரை பி.எல்.பி. எனப்படும் அவசர அலைபரப்பி. கையில் அடங்கும் கருவி. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும், குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து ஒலிபரப்பும். மாதச் சந்தா கிடையாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். வண்டி நிறம், பயணத் திட்டம், அவசரத் தொடர்பு எல்லாம் அதில் சேர்த்து வைக்கலாம். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் அவசரச் செய்தி வசதியும் இங்கே 2023 மே முதல் இருக்கிறது, ஆனால் அது பேட்டரியை நம்பியது. யு.எச்.எஃப். என்ற இருவழி வானொலி இருந்தால் சேனல் 40-இல் லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்வார்கள், சேனல் 5 அவசரத்துக்கு.

யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

ஒரு நம்பகமான ஆளிடம், எழுத்தில். "ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் போலீசுக்குச் சொல்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை வாக்கில் வந்துவிடுவோம்" என்று விட்டுவைத்தால், நீங்கள் வராததை அவர் கவனிக்கவே திங்கள் ஆகிவிடும். போகும் பாதையையும் சொல்லுங்கள், சொன்ன பாதையை மாற்றாதீர்கள்.

கோடையில் போகவே போகாதீர்கள். சிம்சன் பாலைவனப் பூங்காக்களை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அரசே மூடி வைக்கிறது.

வாடகை வண்டியில் போகலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல வாடகைக் கார்களுக்கு மண் சாலைக்கே அனுமதி இல்லை, காப்பீடும் செல்லாது. மண்வெட்டியோ கம்ப்ரஸரோ அதில் இருக்காது.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிப் போகிறோம். தனியாகக் கவனிக்க ஏதாவது?

பயணத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோங்கள். இன்சுலின் என்றால் வண்டி நின்றாலும் குளிர்ச்சியைக் காக்கும் பெட்டி வேண்டும். நீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும்; கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கும் பி.எல்.பி. பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டிக்கொடுங்கள். வண்டி ஓட்டும் மகனோ மகளோதான் மயங்கி விழுந்தவர் என்றால் அழுத்த வேண்டியது அவர்கள்தான்.

பி.எல்.பி.யைத் தெரியாமல் அழுத்திவிட்டால் தண்டனையா?

தவறுதலாக இயக்கியதற்குத் தண்டனை கிடையாது. அணைத்துவிட்டு, முடிந்த விரைவில் மேற்சொன்ன ஆணையத்தின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லிவிடுங்கள், தேடுதலை நிறுத்திவிடுவார்கள். அழுத்தலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். "வண்டிதானே சிக்கியிருக்கிறது, இதற்குப் போய் ஹெலிகாப்டரா" என்று கூச்சப்படுவார்கள். ஆள் நடமாட்டமில்லாத பாதையில், உங்களால் வண்டியை எடுக்க முடியாமல், தண்ணீரும் எண்ணிக் குடிக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டால் அது அவசரம்தான். மூன்றாம் நாள் வரை காக்காமல் முதல் நாளே அழுத்துங்கள்.